செயலிப் பாதுகாப்புப் பேட்ச்: ஹோஸ்டில் தொடங்கி கெஸ்டில் முடிப்பது எப்படி

மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைபாடுகள் 2018 ஜனவரி 3 அன்று வெளியாகும்வரை, மெய்நிகர் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்குப் பேட்ச் (குறையைச் சரிசெய்யும் திருத்தம்) போடுவது பெரும்பாலும் தனித்தனி வேலையாகவே இருந்தது. ஹோஸ்டுக்கு (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் உண்மையான கணினி) உரியது ஹோஸ்டில், கெஸ்டுக்கு (அதன்மேல் ஓடும் மெய்நிகர் கணினி) உரியது கெஸ்டில். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டிய தேவை அரிதாகவே எழுந்தது. செயலிக் குறைபாடுகள் அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட்டன. செயலிக்குள் இயங்கும் மைக்ரோகோட் என்னும் அடிநிலை நிரல், ஹோஸ்டின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அல்லது ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்), கெஸ்டுக்கு மெய்நிகர் செயலியை அமைத்துத் தரும் கியூஇஎம்யு போன்ற நிரல், கெஸ்டின் சொந்தக் கெர்னல் ஆகிய நான்கும் ஒத்துப்போனால்தான் பல பேட்சுகள் பலன் தருகின்றன. இடையில் ஒன்று விடுபட்டால், மற்ற மூன்றும் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும் கெஸ்ட் பழைய நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. பயன்பாடுகள் வழக்கம்போல் இயங்கும். தேடிப் பார்க்காதவரை அது தெரியவே தெரியாது.

கீழே சொல்லப்படும் முறை லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மை மையமாகக் கொண்டது. விஎம்வேர், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஆகிய பிற ஹைப்பர்வைசர்களில் கட்டளைகளும் பெயர்களும் மாறும். வேலையின் வரிசை மாறாது.

எந்தப் பேட்ச் யாரைக் காக்கிறது

ஒரு குறைபாட்டின் அறிவிப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, தாக்குபவர் எங்கே இருக்கிறார், கசியும் தரவு எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஹோஸ்டை மட்டும் தொட்டால் போதுமா, கெஸ்ட்களையும் தொட வேண்டுமா என்பது அதிலிருந்தே தீர்மானமாகும்.

மெல்ட்டவுனை எடுத்துக்கொண்டால், வன்பொருள் மெய்நிகராக்கத்தில் ஓடும் கேவிஎம் கெஸ்டிலிருந்து அதன் வழியே ஹோஸ்டின் நினைவகத்தைப் படிக்க முடியாது. ஆனால் கெஸ்டுக்குள் ஓடும் சாதாரணப் பயனர் நிரல் ஒன்று அதே கெஸ்டின் கெர்னல் நினைவகத்தைப் படித்துவிடும். ஆகவே கெர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் பக்க அட்டவணைகளை (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் பட்டியல்களை) பிரித்துவைக்கும் கேபிடிஐ பேட்சை ஹோஸ்டில் மட்டும் போட்டுவிட்டு கெஸ்டை அப்படியே விட்டால், கெஸ்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஜென் ஹைப்பர்வைசரின் பாராவிர்ச்சுவல் (வன்பொருள் மெய்நிகராக்கம் இல்லாமல் ஓடும்) கெஸ்ட்கள் இதற்கு விதிவிலக்கு. அங்கே ஹைப்பர்வைசரின் நினைவகமே ஆபத்துக்கு உள்ளானது.

2018 ஆகஸ்டில் வெளியான எல்1டிஎஃப் என்னும் குறைபாடு இதற்கு நேர் எதிரானது. கெஸ்டின் கெர்னல் தன் பக்க அட்டவணையில் ஒரு பதிவை ‘நினைவகத்தில் இல்லை’ என்று குறித்துவிட்டு அந்த முகவரியைத் தொட்டால், பாதிக்கப்பட்ட இன்டெல் செயலிகள் ஊக இயக்கத்தின்போது (கட்டளைகளை முன்கூட்டியே ஊகித்து ஓட்டும்போது) ஹோஸ்டின் இரண்டாம் கட்ட முகவரி மாற்றத்தைத் தாண்டிவிட்டு, அந்தப் பதிவில் உள்ள எண்ணையே உண்மையான இயற்பு முகவரியாக எடுத்துக்கொண்டு, கோருக்கு மிக அருகிலுள்ள சிறு நினைவகமான எல்1 தரவுக் கேஷில் தேடுகின்றன. அந்தக் கோரின் எல்1 கேஷில் அப்போது இருப்பது ஹோஸ்டின் தரவாக இருந்தாலும், பக்கத்துக் கெஸ்டின் தரவாக இருந்தாலும் கசியலாம். இங்கே தாக்குபவரே கெஸ்டின் கெர்னலாக இருக்கும்போது, கெஸ்டுக்குள் எத்தனை பேட்ச் போட்டாலும் ஹோஸ்டுக்குப் பாதுகாப்பு கிடைக்காது. கெஸ்டுக்குள் நுழைவதற்கு முன் எல்1 கேஷைத் துடைக்கும் வேலையை ஹோஸ்ட்தான் செய்தாக வேண்டும்.

ஸ்பெக்டரின் இரண்டாம் வகையும், செயலியின் உள் பஃபர்களிலிருந்து தரவு கசியும் குறைபாடுகளான, 2019 மே மாதம் வெளியான எம்டிஎஸ் குடும்பமும் இரு பக்கமும் வேலை வைப்பவை. ஹோஸ்டுக்கு மைக்ரோகோடும் கெர்னலும் வேண்டும். கெஸ்டின் கெர்னலும் தன் பயனர் நிரல்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அதே மைக்ரோகோட் தந்த வசதிகளைப் பயன்படுத்த வேண்டும். 2023 ஆகஸ்டில் வெளியான டவுன்ஃபால் என்னும் குறைபாடு மட்டும் நிர்வாகிகளுக்கு ஓரளவு எளிதாக அமைந்தது. மைக்ரோகோட் ஏறியதுமே காப்பு தானாக இயங்கத் தொடங்கிவிடும். கெஸ்டில் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் கேதர் கட்டளைகள் (சிதறிய தரவைத் திரட்டுபவை) மெதுவாகும் விலையை, வெக்டர் கணக்கீடு மிகுந்த கெஸ்ட்களும் சேர்ந்தே கொடுக்கின்றன. சில வேலைகளில் இழப்பு 50 சதவீதம் வரை போகலாம் என்று இன்டெல்லே கூறியது.

தொடங்கும் முன்

ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் செயலியின் மாடல், ஸ்டெப்பிங் (வன்பொருள் திருத்த எண்), இப்போதைய மைக்ரோகோட் எண், கெர்னல் பதிப்பு ஆகியவற்றையும், ஒவ்வொரு கெஸ்டுக்கும் அதற்குக் கொடுக்கப்பட்டுள்ள செயலி மாடல், அதன் கியூஇஎம்யு செயல்முறை கடைசியாகத் தொடங்கிய நாள் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். கடைசியாகச் சொன்ன நாளைப் பலர் குறித்து வைப்பதில்லை. பின்னால் அதிகம் தேவைப்படுவது அதுதான். கெஸ்டுக்குள் பார்க்கும் ‘அப்டைம்’ இதற்கு உதவாது என்பதற்கான காரணம் கீழே வருகிறது.

பேட்சுக்கு முந்தைய செயல்திறன் அளவுகளையும் இப்போதே எடுத்துவிடுங்கள். பேட்ச் போட்ட பிறகு ‘மெதுவாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய எண்கள் இல்லையென்றால் வாதம் மட்டுமே மிஞ்சும்.

மைக்ரோகோடும் ஹோஸ்டும்

மைக்ரோகோட் செயலியில் நிரந்தரமாகப் பதிவதில்லை. மின்சாரம் நிற்கும்போது அது மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் பயாஸோ இயங்குதளமோ அதைத் திரும்ப ஏற்ற வேண்டும். லினக்ஸில் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின்போது முதலில் ஏறும் சிறு கோப்பமைப்பில்) சேர்த்து, கெர்னல் எழும் தொடக்கத்திலேயே ஏற்றுவதுதான் சரியான வழி. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பாதியில் ஏற்றுவதற்கும் ஒரு வழி உண்டு, ஆனால் அதை நாடாதீர்கள். கெர்னல் தன் தற்காப்பு முறைகளைப் பூட்டின்போதே தேர்ந்தெடுத்து முடித்திருக்கும் என்பதால், பிறகு வந்து சேரும் புதிய வசதிகளை அது முழுமையாகப் பயன்படுத்தாமல் போகலாம்.

கெஸ்டுக்குள் மைக்ரோகோட் தொகுப்பை நிறுவுவதால் தீங்கும் இல்லை, பயனும் இல்லை. கெஸ்டால் செயலியின் மைக்ரோகோடை மாற்ற இயலாது. அங்கே தெரியும் மைக்ரோகோட் எண்ணும் பெரும்பாலும் ஹைப்பர்வைசர் இட்ட பொய் எண்ணாகவே இருக்கும்.

ஹோஸ்டுக்குப் பேட்ச் போடும் வரிசை எளிமையானது. ஒரு ஹோஸ்டில் உள்ள கெஸ்ட்களை வேறு ஹோஸ்டுகளுக்கு லைவ் மைக்ரேஷன் (ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாற்றுதல்) மூலம் நகர்த்திவிட்டு, மைக்ரோகோட், கெர்னல், கியூஇஎம்யு, கெஸ்ட்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் ஆகியவற்றை ஒரே தவணையில் புதுப்பித்து, ஹோஸ்டை ரீபூட் செய்யுங்கள். எழுந்ததும் ‘ப்ராக்’ கோப்பமைப்பின் ‘சிபியுஇன்ஃபோ’ கோப்பில் மைக்ரோகோட் எண் உயர்ந்துள்ளதா என்றும், ‘சிஸ்’ கோப்பமைப்பில் செயலிக்கான கோப்புறையில் உள்ள ‘வல்னரபிலிட்டீஸ்’ கோப்புறையின் ஒவ்வொரு கோப்பும் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். ஒவ்வொரு குறைபாட்டுக்கும் அங்கே ஒரு கோப்பு உண்டு. பாதிப்பில்லை, தற்காப்பு உண்டு, ஆபத்தில் உள்ளது என்ற மூன்றில் ஒன்றை அது பெரும்பாலும் ஒரே வரியில் தெரிவிக்கும்.

எல்லா ஹோஸ்டுகளிலும் ஒரே நாளில் புதிய மைக்ரோகோடை ஏற்றிவிட வேண்டாம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டருக்காக இன்டெல் வெளியிட்ட முதல் மைக்ரோகோட், பிராட்வெல், ஹாஸ்வெல் செயலிகளில் எதிர்பாராத ரீபூட்களை உண்டாக்கியது. அதே மாதம் 22ஆம் நாள் அதை மேலும் பரப்ப வேண்டாம் என்று இன்டெல்லே கேட்டுக்கொண்டது. முக்கியத்துவம் குறைந்த கெஸ்ட்கள் உள்ள ஒரு ஹோஸ்டில் ஏற்றிச் சில நாட்கள் கவனித்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்வது தாமதமல்ல, முறை.

மெய்நிகர் செயலி என்னும் இடைக்கதவு

பெரும்பாலான முயற்சிகள் தடுக்கி விழுவது இங்கேதான். ஹோஸ்டின் மைக்ரோகோட் புதிய வசதியைத் தந்திருந்தாலும், கெஸ்டின் மெய்நிகர் செயலி அந்த வசதி உண்டு என்று அறிவிக்கும் கொடியைக் காட்டினால்தான் கெஸ்டின் கெர்னல் அதைப் பயன்படுத்தும். இன்டெல்லில் ‘ஸ்பெக்-கண்ட்ரோல்’, ‘எஸ்எஸ்பிடி’, ‘எம்டி-கிளியர்’, ‘ஆர்ச்-கேபபிலிட்டீஸ்’ ஆகிய கொடிகளும், ஏஎம்டியில் ‘ஐபிபிபி’, ‘ஸ்டிப்’, ‘விர்ட்-எஸ்எஸ்பிடி’, ‘ஏஎம்டி-எஸ்எஸ்பிடி’ ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஹோஸ்டின் செயலியையே ஒட்டி அமையும் ‘ஹோஸ்ட்-பாஸ்த்ரூ’ அல்லது ‘ஹோஸ்ட்-மாடல்’ முறையில் கெஸ்ட் அமைக்கப்பட்டிருந்தால், அடுத்த முறை தொடங்கும்போது புதிய கொடிகள் பெரும்பாலும் தாமாகவே வந்து சேரும். ‘சாண்டிபிரிட்ஜ்’, ‘ஸ்கைலேக்-சர்வர்’ போன்ற பெயரிட்ட மாடல் கொடுக்கப்பட்டிருந்தால் ஒன்றும் தானாக நடக்காது. கியூஇஎம்யு 2.11.1 பதிப்பில் வந்த ‘ஐபிஆர்எஸ்’ என்று முடியும் மாடலுக்கு மாறுங்கள், இல்லையென்றால் கெஸ்டின் அமைப்புக் கோப்பான டொமைன் எக்ஸ்எம்எல்லில் தேவையான கொடிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பின்னால் வந்த ‘எம்டி-கிளியர்’ போன்றவற்றை இந்த மாடல்களிலும் கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

கொடியை மறைத்தால் பாதுகாப்பு மட்டுமல்ல, வேகமும் போகும் என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். இரண்டு இடங்களில் இது தெளிவாகத் தெரியும். கேபிடிஐ இயங்கும் கெஸ்டில் ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கையிலும்) பக்க அட்டவணை மாறுகிறது. ‘பிசிஐடி’ வசதி இருந்தால், முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் டிஎல்பி கேஷ் முழுவதும் அழியாமல் தப்பும். கியூஇஎம்யுவின் ஹாஸ்வெல்லும் அதற்குப் பிந்தைய மாடல்களும் இதை உள்ளடக்கியவை. வெஸ்ட்மியர், சாண்டிபிரிட்ஜ், ஐவிபிரிட்ஜ் மாடல்களில் அதை நாம்தான் சேர்க்க வேண்டும். இரண்டாவது, கேஸ்கேட்லேக் போன்ற செயலிகளில் மெல்ட்டவுன் வன்பொருளிலேயே சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் ‘ஆர்ச்-கேபபிலிட்டீஸ்’ வழியே அந்தச் செய்தி கெஸ்டுக்குப் போய்ச் சேராவிட்டால், தான் ஆபத்தில் இருப்பதாகக் கருதிக்கொண்டு கெஸ்ட் தேவையில்லாமல் கேபிடிஐயைச் சுமந்து ஓடும். புதிய சர்வர் வாங்கியும் கெஸ்ட் வேகமாகவில்லை என்ற புகாரைக் கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ரீபூட் போதாது

மெய்நிகர் செயலியின் கொடிகள், கியூஇஎம்யு செயல்முறை தொடங்கும் தருணத்தில் நிர்ணயமாகின்றன. கெஸ்டுக்குள் ரீபூட் செய்தால் கெஸ்டின் இயங்குதளம் மட்டும் மறுபடி எழுகிறது. கியூஇஎம்யு செயல்முறை பழையதாகவே தொடர்கிறது, கொடிகளும் பழையவையாகவே நீடிக்கின்றன. ஆகவே கெஸ்டை முழுமையாக ஷட்டவுன் செய்து, ‘விர்ஷ் லிஸ்ட்’ கட்டளையில் அது நின்றுவிட்டதை உறுதிசெய்த பிறகு, மீண்டும் தொடங்க வேண்டும். நேற்றுதான் ரீபூட் ஆன கெஸ்ட் ஒன்று ஓராண்டுப் பழைய மெய்நிகர் செயலியோடு ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் கியூஇஎம்யு தொடங்கிய நாளைக் குறித்துவைக்கச் சொன்னேன்.

நிறுத்திச் சேமித்துத் திரும்ப எழுப்பும் ‘மேனேஜ்ட்-சேவ்’ முறையும் பழைய கொடிகளையே திரும்பக் கொண்டுவரும். நினைவக நிலையோடு எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாலும் அதே கதைதான். லைவ் மைக்ரேஷனில், பேட்ச் போட்ட ஹோஸ்டுக்கு நகர்ந்த கெஸ்ட் அங்கே போனதாலேயே புதிய கொடிகளைப் பெற்றுவிடாது. தன் பழைய செயலியைச் சுமந்துகொண்டுதான் போகிறது.

கெஸ்டின் கெர்னலை எப்போது புதுப்பிப்பது என்றால், இந்த ஷட்டவுனுக்கு முன்பே புதுப்பித்துவிடுவது நல்லது. புதிய கெர்னல், புதிய மெய்நிகர் செயலி இரண்டும் ஒரே நிறுத்தத்தில் நடைமுறைக்கு வரும். பயனர்களிடம் இரண்டு முறை நேரம் கேட்க வேண்டியதில்லை.

விஎம்வேரில் இதே விதி ‘பவர் சைக்கிள்’ என்ற பெயரில் வருகிறது. ஸ்பெக்டருக்கான கொடிகள் கெஸ்டுக்குத் தெரிய மெய்நிகர் வன்பொருள் பதிப்பு குறைந்தது 9 ஆக இருக்க வேண்டும். ‘பிசிஐடி’ வேண்டுமென்றால் 11. ‘விஎம்எக்ஸ் ரீபூட் பவர்சைக்கிள்’ என்ற அமைப்பை ஆதரிக்கும் பதிப்புகளில் அதை இட்டுவைத்தால், கெஸ்டின் அடுத்த ரீபூட்டையே பவர் சைக்கிளாக அது மாற்றிவிடும். நூற்றுக்கணக்கான கெஸ்ட்கள் உள்ள இடத்தில் பெரிய உதவி. ஹைப்பர்-வியில் 8.0க்குக் கீழான பதிப்பில் உள்ள மெய்நிகர் கணினிகளுக்கு இந்த வசதிகள் தானாகத் தெரிவதில்லை. அவற்றை மேம்படுத்த வேண்டும், அல்லது ரெஜிஸ்ட்ரியில் ‘மின்விஎம்வெர்ஷன்ஃபார்சிபியுபேஸ்ட்மிட்டிகேஷன்ஸ்’ மதிப்பை இட வேண்டும்.

கெஸ்டுக்குள் சரிபார்த்தல்

ஹோஸ்டில் பார்த்த அதே ‘வல்னரபிலிட்டீஸ்’ கோப்புறை லினக்ஸ் கெஸ்டிலும் உண்டு. எம்டிஎஸ் கோப்பைத் திறந்து பார்த்தால் கதை முழுவதும் ஒரு வரியில் இருக்கும். ‘வல்னரபிள்: கிளியர் சிபியு பஃபர்ஸ் அட்டெம்ப்டட், நோ மைக்ரோகோட்’ என்று வந்தால், கெஸ்டின் கெர்னல் புதியது, ஆனால் ‘எம்டி-கிளியர்’ கொடி அதற்குத் தெரியவில்லை என்று பொருள். ஹோஸ்டில் மைக்ரோகோட் ஏறியிருந்தும் இந்த வரி வருமானால், ஒன்று மாடலில் கொடி இல்லை, அல்லது கெஸ்ட் முழுமையாக நிறுத்தப்படவில்லை. சரிசெய்த பின் அதே கோப்பு ‘மிட்டிகேஷன்: கிளியர் சிபியு பஃபர்ஸ்’ என்று மாறும்.

அந்த வரியின் வாலில் ‘எஸ்எம்டி ஹோஸ்ட் ஸ்டேட் அன்னோன்’ என்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். எஸ்எம்டி என்பது ஒரே கோரில் இரு திரெட்களை ஓட்டும் முறை; இன்டெல்லில் அதன் பெயர் ஹைப்பர்திரெடிங். தன் இணை திரெட்டில் ஹோஸ்ட் யாரை ஓட்டுகிறது என்பது கெஸ்டுக்குத் தெரிய வழியில்லை. அதைத்தான் அது ஒப்புக்கொள்கிறது. டவுன்ஃபாலுக்கான கோப்பும் கெஸ்டில் ‘ஹைப்பர்வைசரைப் பொறுத்தது’ என்ற பொருளில் பதில் தரலாம். இவ்விரண்டுக்கும் விடை ஹோஸ்டில்தான் உள்ளது. விண்டோஸ் கெஸ்டில் ‘கெட்-ஸ்பெகுலேஷன்கண்ட்ரோல்செட்டிங்ஸ்’ என்ற பவர்ஷெல் கட்டளை இதே வேலையைச் செய்யும்.

மைக்ரேஷன் முறியும் இடங்கள்

புதிய கொடிகளோடு தொடங்கிய கெஸ்டை, அந்தக் கொடிகள் இல்லாத பழைய ஹோஸ்டுக்கு நகர்த்த முடியாது. எனவே கிளஸ்டரின் (ஒன்றாக நிர்வகிக்கப்படும் ஹோஸ்டுகளின் தொகுப்பின்) பாதி ஹோஸ்டுகள் பேட்ச் ஆகியிருக்கும் நிலையில் கெஸ்ட்களை நிறுத்தித் தொடங்கினால், அவை அந்தப் பாதிக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். எல்லா ஹோஸ்டுகளையும் முடித்துவிட்டு, பிறகே கெஸ்ட்களைத் தொடுங்கள். எல்லா ஹோஸ்டுகளிலும் ஒரே கொடித்தொகுப்பைக் காட்டும் விஎம்வேரின் இவிசி கிளஸ்டர் இந்த ஒழுங்கைத் தானே கடைப்பிடிக்கிறது: எல்லா ஹோஸ்டுகளும் புதுப்பிக்கப்படும்வரை புதிய கொடிகளை அது கெஸ்ட்களுக்குக் காட்டுவதில்லை.

கொடிகள் கூடுவதைவிடக் குறைவதே அதிகத் தொல்லை தரும். 2019 நவம்பரில் வெளியான டிஏஏ குறைபாட்டுக்குப் பிறகு, அதற்கு வழிவிட்ட டிஎஸ்எக்ஸ் (இன்டெல்லின் ட்ரான்சாக்ஷன் நினைவக) வசதியையே அணைத்துவிடுவது வழக்கமாயிற்று. அப்படி அணைத்ததும் ஹோஸ்டிலிருந்து ‘எச்எல்இ’, ‘ஆர்டிஎம்’ என்ற இரு கொடிகளும் மறைந்துவிடும். அவற்றை எதிர்பார்க்கும் ‘ஸ்கைலேக்-சர்வர்’ மாடல் கெஸ்ட்கள் நிறுத்திய பின் தொடங்க மறுக்கும், டிஎஸ்எக்ஸ் உள்ள ஹோஸ்டிலிருந்து வரும் மைக்ரேஷனும் தோற்கும். ‘நோ-டிஎஸ்எக்ஸ்’ என்று பெயரில் உள்ள மாடலுக்கு முன்கூட்டியே மாறிவிடுவது இதற்குத் தீர்வு. நள்ளிரவுப் பராமரிப்பு நேரத்தில் இதைக் கண்டுபிடிப்பதைவிட, டிஎஸ்எக்ஸ்ஸை அணைத்த சோதனை ஹோஸ்டில் ஒவ்வொரு மாடலையும் ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஹைப்பர்திரெடிங்கை என்ன செய்வது

எல்1டிஎஃப், எம்டிஎஸ் இரண்டிலும் கேஷையோ பஃபரையோ துடைத்தால் மட்டும் போதாது, ஏனெனில் ஒரே கோரின் இரண்டு திரெட்களும் அவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு திரெட்டில் கெஸ்ட் ஓடும்போதே இணை திரெட்டில் வேறொருவரின் தரவு எல்1 கேஷுக்குள் வந்துவிடலாம். கேவிஎம் இயல்பாக எல்1 கேஷை நிபந்தனையோடு துடைக்கிறதே தவிர, ஹைப்பர்திரெடிங்கைத் தானாக அணைப்பதில்லை. அந்த முடிவை நிர்வாகியிடம் விட்டுவிட்டது.

முடிவு கெஸ்ட்கள் யாருடையவை என்பதைப் பொறுத்தது. எல்லாக் கெஸ்ட்களும் ஒரே குழுவின் பொறுப்பில் இருந்து, வெளியார் நிரல் எதுவும் அவற்றில் ஓடவில்லையென்றால், ஹைப்பர்திரெடிங்கை வைத்துக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். அறிமுகமில்லாதவர்களுக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டாக இருந்து, செயலியும் பாதிக்கப்பட்ட வகையாக இருந்தால், அணைப்பதே நேர்மையான வழி. இடைப்பட்ட வழி கோர் ஷெட்யூலிங்: ஒரு கோரின் இரு திரெட்களிலும் ஒரே கெஸ்டின் விசிபியுக்களை (மெய்நிகர் செயலிகளை) மட்டுமே ஓட்டுவது. லினக்ஸில் இது 5.14 பதிப்பிலிருந்து உள்ளது. ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2019 முதல் இயல்பான ஷெட்யூலரே இதுதான். ஒரு கெஸ்டை மற்றொரு கெஸ்டிடமிருந்து இது காக்கும்; இணை திரெட் இடையில் ஹோஸ்டின் கெர்னலுக்குள் போய்வரும் நேரங்களை லினக்ஸில் முழுமையாக மூடாது. கேஸ்கேட்லேக்கில் எல்1டிஎஃப், எம்டிஎஸ் இரண்டும் வன்பொருளில் சரிசெய்யப்பட்டவை, ஏஎம்டி செயலிகளை இவ்விரண்டும் பாதிக்கவில்லை என்பதால், ஹோஸ்டுகளின் தலைமுறை அறியாமல் எல்லாவற்றிலும் அணைப்பது வீண் செலவு.

அணைக்க முடிவு செய்தால், முதலில் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். 32 கோர், 64 திரெட் உள்ள ஹோஸ்டில் 90 விசிபியுக்களை ஓட்டிக்கொண்டிருந்தால், நெரிசல் திரெட்டுக்கு 1.4 விசிபியுவிலிருந்து 2.8 ஆக உயர்கிறது. கெஸ்டுக்குள் ‘விஎம்ஸ்டாட்’ காட்டும் ‘எஸ்டி’ பத்தி, அதாவது விசிபியு ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் இடம் தராமல் போன நேரம், ஏறத் தொடங்கினால் கெஸ்ட்களைப் பரப்பிவைக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வேகம் குறைந்தால் எங்கே தேடுவது

கணக்கீட்டில் மூழ்கியிருக்கும் கெஸ்ட் பெரும்பாலும் எதையும் உணராது. சிஸ்டம் கால் மிகுந்த தரவுத்தளங்களும், சிறு சிறு பாக்கெட்டுகளைக் கையாளும் நெட்வொர்க் கெஸ்ட்களும்தான் முதலில் முனகும். தேய்மானம் இரண்டு இடங்களில் நடக்கிறது: கெஸ்டுக்குள் பயனர் நிரலுக்கும் கெர்னலுக்கும் இடையிலான எல்லையிலும், கெஸ்டுக்கும் ஹோஸ்டுக்கும் இடையிலான எல்லையிலும். முன்னதைக் கெஸ்டுக்குள்ளும், பின்னதை ஹோஸ்டில் ‘பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட்’ கொண்டும் அளக்கலாம். விஎம் எக்ஸிட் (கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்கு வெளியேறுதல்) எண்ணிக்கை மிகுதியாக இருந்தால், எமுலேட் செய்த ஐடிஇ வட்டு, இ1000 நெட்வொர்க் அட்டை ஆகியவற்றை, மெய்நிகர் கணினிகளுக்கென்றே அமைந்த விர்ட்ஐஓவுக்கு மாற்றுவதே பெரிய ஆதாயத்தைத் தரும். 2025 செப்டம்பரில் இடிஎச் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட விஎம்ஸ்கேப் குறைபாட்டுக்குப் பிறகு இந்த அறிவுரைக்கு எடை கூடிவிட்டது: அதன் காப்பாக, கெஸ்டிலிருந்து வெளியேறி கியூஇஎம்யுவின் பயனர் வெளிக்குத் திரும்பும்போது கிளைக் கணிப்பான் (நிரல் எந்தப் பக்கம் செல்லும் என்று ஊகிக்கும் செயலிப் பகுதி) துடைக்கப்படுகிறது, எமுலேட் செய்த சாதனங்கள்தான் அந்தப் பாதையில் அடிக்கடி போய்வருபவை.

‘மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்’ என்று பூட் வரியில் எழுதிவிட்டால் எல்லாம் பழைய வேகத்துக்குத் திரும்பும் என்ற அறிவுரை அடிக்கடி கண்ணில் படும். வெளியார் நிரல் ஓடாத, தனித்துவிடப்பட்ட கணக்கீட்டுக் கெஸ்டுக்குள் அதைச் செய்வது அந்தக் கெஸ்டின் உரிமையாளர் எடுக்கும் இடர். அதன் பாதிப்பு பெரும்பாலும் அந்தக் கெஸ்டோடு நிற்கும். ஹோஸ்டில் செய்தால் அங்கே ஓடும் எல்லாக் கெஸ்ட்களின் சார்பிலும் ஒருவர் முடிவெடுத்ததாகிவிடும். ஹோஸ்டில் அதை எழுதாதீர்கள்.

மெய்நிகர் கணினியை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துபவருக்கு மைக்ரோகோடும் ஹைப்பர்வைசரும் எட்டாதவை. கெர்னலைப் புதுப்பிப்பது, ‘வல்னரபிலிட்டீஸ்’ கோப்புறையைப் படிப்பது, ‘நோ மைக்ரோகோட்’ என்ற வரி வந்தால் மேலாண்மைத் திரையில் கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யாமல் ‘ஸ்டாப்’ கொடுத்து நிறுத்திப் பிறகு ‘ஸ்டார்ட்’ கொடுப்பது ஆகிய மூன்றும் அவர் கையில் உள்ளன. நிறுத்தித் தொடங்கும்போது பொது ஐபி முகவரி மாறலாம், தற்காலிக வட்டில் உள்ள தரவு அழியலாம்; இரண்டையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அந்த வரி மாறவில்லையென்றால், சேவை தருபவருக்கு அனுப்பும் புகாரில் அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.